எல்ஜி நிறுவனம் திறன்பேசித் தொழிலிலிருந்து விலகல்

தென்கொரியாவின் எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தனது கைபேசித் தொழிலை முழுவதுமாக மூடப்போவதாக 2021 ஏப்ரல் 5 அன்று அறிவித்தது. 2015 ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு முதல் 2020 ஆம் ஆண்டின் இறுதி வரை, தொடர்ந்து 23 காலாண்டுகள் அந்நிறுவனத்தின் கைபேசிப் பிரிவு இழப்பில் இயங்கியது. இக்காலத்தில் ஏற்பட்ட மொத்த இழப்பு ஏறத்தாழ 5 லட்சம் கோடி வொன், அதாவது சுமார் 450 கோடி அமெரிக்க டாலர். ஒரு காலத்தில் உலகின் மூன்றாவது பெரிய கைபேசித் தயாரிப்பாளராக இருந்த நிறுவனம், பிரிவை விற்கும் பேச்சு உடன்பாட்டில் முடியாத நிலையில் அதை மூடிவிட்டு வெளியேறியது. வளர்ச்சி நின்றுபோன ஒரு சந்தையில் நடுத்தர அளவுள்ள தயாரிப்பாளர் ஏன் நிலைக்க முடிவதில்லை என்பதை விளக்க, வணிகவியல் பாடங்களில் பயன்படுத்தத் தக்க எடுத்துக்காட்டு இது.

நிறுவனத்தின் பின்னணி

எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் 1958 இல் கோல்ட்ஸ்டார் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தென்கொரியாவில் உருவான முதல் வானொலிப் பெட்டியை 1959 இல் வெளியிட்டது இந்நிறுவனமே. இதன் தாய்க்குழுமமான லக்கி-கோல்ட்ஸ்டார் 1995 இல் எல்ஜி என்று பெயர் மாற்றம் பெற்றது. தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், குளிரூட்டி ஆகியவை இதன் முதன்மைப் பொருட்கள். கைபேசி உற்பத்தி 1990களில் தொடங்கியது.

2005 இல் தென்கொரியாவிலும் அடுத்த ஆண்டு பிற நாடுகளிலும் வெளியான 'சாக்லேட்' என்னும் சறுக்குவகைக் கைபேசி, எல்ஜியின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. அதன் விற்பனை ஒரு கோடியைத் தாண்டியது. இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பிராடாவுடன் இணைந்து உருவாக்கிய கைபேசி 2007 இல் சந்தைக்கு வந்தது. எழுத்தாணி கொண்டு அழுத்தத் தேவையின்றி, விரல் பட்டாலே இயங்கும் தொடுதிரையைக் கொண்டிருந்த இக்கருவி, ஆப்பிளின் ஐபோன் கடைகளுக்கு வருவதற்கு முன்பே விற்பனைக்கு வந்துவிட்டது. 2009 இல் நோக்கியா, சாம்சங் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் எல்ஜி இருந்தது.

முதல் பின்னடைவு

தொடுதிரையில் முந்திக்கொண்ட எல்ஜி, இயங்குதளத்தில் பிந்திவிட்டது. ஐபோனின் வெற்றிக்கு அதன் திரை மட்டும் காரணமல்ல. பயனர் தாமே செயலிகளை நிறுவிக்கொள்ளும் வசதியும், அச்செயலிகளை எழுதும் நிரலாளர்களின் பெருங்கூட்டமும் அதற்குப் பின்னால் இருந்தன. 2009 பிப்ரவரியில் எல்ஜி, மைக்ரோசாப்ட் நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, விண்டோஸ் மொபைல் இயங்குதளத்தில் பல கருவிகளை வெளியிடத் திட்டமிட்டது. அந்த இயங்குதளம் விரைவிலேயே வழக்கொழிந்தது. சாம்சங், எச்டிசி போன்றவை ஆண்ட்ராய்டு பக்கம் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தன.

2010 இல் எல்ஜியின் கைபேசிப் பிரிவு இழப்பைச் சந்தித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் தலைமைச் செயல் அலுவலர் நாம் யோங் பதவி விலகினார். நிறுவனத்தை உருவாக்கிய கூ குடும்பத்தைச் சேர்ந்த கூ போன்-ஜூன் பொறுப்பேற்றார். அதன் பின்னர் ஆண்ட்ராய்டில் முழுக் கவனம் செலுத்தப்பட்டது.

மீட்சிக் காலம்

2011 தொடக்கத்தில் வெளிவந்த ஆப்டிமஸ் 2எக்ஸ், இரட்டைக் கருச் செயலி பொருத்தப்பட்ட முதல் திறன்பேசி ஆகும். கூகுளுக்காக நெக்சஸ் 4 (2012), நெக்சஸ் 5 (2013) ஆகியவற்றை எல்ஜியே தயாரித்தது. 2013 இல் வெளியான ஜி2, பொத்தான்களைப் பின்புறத்துக்கு மாற்றியது. திரையை இருமுறை தட்டி விழிக்கச் செய்யும் வசதியை அது பரவலாக்கியது. 2014 இல் வந்த ஜி3, மிக நுண்ணிய பிரிதிறன் கொண்ட 5.5 அங்குலத் திரையுடன் நல்ல வரவேற்பைப் பெற்றது. 2013 இன் முதல் காலாண்டில் திறன்பேசி விற்பனையில் சாம்சங், ஆப்பிள் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் இடத்தை எல்ஜி எட்டியது.

ஆயினும் அந்த மூன்றாம் இடத்துக்கும் முதல் இரண்டு இடங்களுக்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. ஹுவாவே, சியோமி, ஓப்போ, விவோ முதலிய சீன நிறுவனங்கள் கீழிருந்து வேகமாக ஏறிவந்தன.

சந்தை முதிர்தல்

ஒரு பொருள் புதிதாக வரும்போது, அதை இதுவரை வாங்காதவர்களே பெரும்பாலான வாடிக்கையாளர்கள். ஆண்டுதோறும் புதியவர்கள் வந்துகொண்டே இருப்பதால், சுமாரான தயாரிப்பாளருக்கும் விற்பனை கூடும். ஏறக்குறைய எல்லோரும் ஒன்று வாங்கிவிட்ட பிறகு நிலைமை மாறுகிறது. அதன்பின் நடக்கும் விற்பனை பெரும்பாலும் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் மாற்று விற்பனையே. இந்நிலையை 'முதிர்ந்த சந்தை' என்பர்.

உலகத் திறன்பேசி விற்பனை 2016 இல் சுமார் 147 கோடி என்ற உச்சத்தைத் தொட்டது. 2017 இல் முதன்முறையாக ஆண்டு விற்பனை சற்றே குறைந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் சரிவு தொடர்ந்து, 2020 இல் கொரோனா பெருந்தொற்றின் தாக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 129 கோடியாகக் குறைந்தது.

முதிர்ந்த சந்தையில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன.

முதலாவது, கருவிகள் போதுமான அளவு நன்றாக ஆகிவிடுவதால் மக்கள் அவற்றை அதிக காலம் வைத்துக்கொள்கின்றனர். மூன்று ஆண்டுக்கு முந்தைய கருவியிலேயே அழைப்பு, செய்தி, காணொளி எல்லாம் நன்றாக இயங்கும்போது புதியதற்குத் தேவை எழுவதில்லை.

இரண்டாவது, கருவிகளுக்கிடையே வேறுபாடு குறைகிறது. ஆண்ட்ராய்டு இயங்குதளம் எல்லோருக்கும் பொது. செயலி, நினைவகம், படக்கருவி உணரி ஆகியவற்றைச் சில நிறுவனங்களே எல்லோருக்கும் விற்கின்றன. ஆகவே போட்டி, விலையை நோக்கி நகர்கிறது.

மூன்றாவது, ஒரு தயாரிப்பாளர் வளர வேண்டுமானால் இன்னொருவரின் வாடிக்கையாளரைப் பறிக்க வேண்டும். அதற்கு விளம்பரம், தள்ளுபடி, விற்பனையாளர் கழிவு எனச் செலவு கூடுகிறது.

அளவின் பொருளாதாரம்

இச்சூழலில் விற்பனை எண்ணிக்கையே பிழைப்பைத் தீர்மானிக்கிறது. கவுன்டர்பாயின்ட் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2020 இல் எல்ஜி 2.3 கோடி கைபேசிகளை அனுப்பியது. அதே ஆண்டில் சாம்சங் அனுப்பியது 25.6 கோடி. உலகச் சந்தையில் எல்ஜியின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது.

இந்த வேறுபாட்டின் பொருளைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். ஓராண்டில் வடிவமைப்பு, மென்பொருள், சோதனை ஆகியவற்றுக்கு இரு நிறுவனங்களும் தலா 1,000 கோடி ரூபாய் செலவிடுவதாகக் கொள்வோம். 25.6 கோடி கருவிகள் விற்பவருக்கு அச்செலவு ஒரு கருவிக்குச் சுமார் 39 ரூபாய். 2.3 கோடி விற்பவருக்கோ சுமார் 435 ரூபாய். கருவி ஒன்றே போன்றது, விலையும் ஒன்றே போன்றது என்றால், சிறியவர் ஒவ்வொரு கருவியிலும் ஏறக்குறைய 400 ரூபாய் பின்தங்கியே பந்தயத்தைத் தொடங்குகிறார். உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கும்போது கிடைக்கும் விலைக்குறைப்பிலும் இதே நிலைதான்.

சாம்சங் தனக்கு வேண்டிய நினைவகம், திரை, செயலி ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தன் குழுமத்துக்குள்ளேயே உருவாக்குகிறது. ஆப்பிள் தன் இயங்குதளத்தையும் செயலியையும் தானே வடிவமைத்து உயர்ந்த விலைக்கு விற்கிறது. சீன நிறுவனங்கள் தம் பெரிய உள்நாட்டுச் சந்தையின் பலத்தில் குறைந்த இலாபத்தோடு விற்கின்றன. எல்ஜி 2014 இல் 'நியூக்ளன்' என்ற சொந்தச் செயலியை முயன்று பார்த்தது. அது நிலைக்கவில்லை. விலையுயர்ந்த பிரிவில் ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் கீழே, மலிவுப் பிரிவில் சீன நிறுவனங்களுக்கு மேலே என்ற இடைநிலையில் எல்ஜி சிக்கிக்கொண்டது.

தரமும் நம்பிக்கையும்

சந்தைச் சூழல் மட்டுமே சரிவுக்குக் காரணமல்ல. 2015 இல் வெளியான ஜி4 கருவிகளில் பல, இயங்கிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, மீண்டும் மீண்டும் தொடங்க முயன்று முடங்கின. உதிரிபாகங்களுக்கிடையே தொடர்பு தளர்வதே இதற்குக் காரணம் என்று 2016 சனவரியில் எல்ஜி ஒப்புக்கொண்டு, பழுதுபார்த்துத் தர முன்வந்தது. இது தொடர்பாக அமெரிக்காவில் குழு வழக்கும் தொடரப்பட்டது. மாற்று விற்பனையே முதன்மையான சந்தையில், ஒருமுறை ஏமாற்றமடைந்த வாடிக்கையாளர் அடுத்த முறை வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். அவர் இடத்தை நிரப்பப் புதியவர்கள் வருவதில்லை.

மென்பொருள் மேம்படுத்தல்கள் தாமதமாகவே கிடைக்கின்றன என்ற குறைகூறலும் நீண்டகாலம் இருந்தது. அதைச் சரிசெய்ய 2018 இல் சியோலில் தனி மேம்படுத்தல் மையம் ஒன்றை நிறுவனம் தொடங்கியது. ஆனால் அதற்குள் பெயர் கெட்டுவிட்டிருந்தது.

புதுமை முயற்சிகள்

வேறுபாடு குறைந்த சந்தையில் தனித்துத் தெரிய எல்ஜி தொடர்ந்து முயன்றது.

ஜி ஃப்ளெக்ஸ் (2013): வளைந்த திரையும், சிறு கீறல்கள் தாமே மறையும் பின்பக்க உறையும் கொண்டது.

வி10 (2015): முதன்மைத் திரைக்கு மேலே சிறிய இரண்டாம் திரை கொண்டது. இவ்வரிசையின் பிந்தைய கருவிகள் உயர்தர ஒலிக்காக இசை விரும்பிகளிடம் பெயர் பெற்றன.

ஜி5 (2016): அடிப்பகுதியைக் கழற்றி, படக்கருவிப் பிடி, ஒலிமேம்படுத்தி போன்ற துணைப்பாகங்களைப் பொருத்தும் அமைப்பு கொண்டது.

வி50 (2019): உறைபோல மாட்டிக்கொள்ளும் இரண்டாம் திரை கொண்டது.

விங் (2020): மேல்திரை சுழன்று T வடிவில் நிற்கக்கூடியது.

இவற்றுள் ஜி5 இன் தோல்வி குறிப்பிடத்தக்கது. துணைப்பாகத்தை மாற்ற வேண்டுமானால் மின்கலத்தைக் கழற்ற வேண்டும், அப்போது கருவி அணைந்துவிடும். துணைப்பாகங்களின் வகையும் குறைவு, அவற்றுக்குத் தனி விலையும் உண்டு. அடுத்த ஆண்டு வந்த ஜி6 இல் இந்த அமைப்பு கைவிடப்பட்டது. அதனால் துணைப்பாகங்களில் பணம் போட்டவர்களுக்கு அவற்றால் பயன் இல்லாமல் போனது. அதே ஜி5 இல் இருந்த அகலக்கோணப் படக்கருவியோ பிற்காலத்தில் ஏறக்குறைய எல்லாத் திறன்பேசிகளிலும் இடம்பெற்றது. பயனுள்ள புதுமையைப் போட்டியாளர்கள் எளிதில் எடுத்துக்கொண்டனர், பயனற்றதன் செலவை மட்டும் எல்ஜி சுமந்தது.

செலவுக் குறைப்பு

2018 மே மாதம் குழுமத் தலைவர் கூ போன்-மூ காலமானார். அடுத்த மாதம் கூ குவாங்-மோ தலைமை ஏற்றார். இலாபம் தராத தொழில்களைக் குறைத்து, எதிர்காலத் தொழில்களில் முதலிடும் போக்கு அதன்பின் வலுப்பெற்றது. 2019 இல் தென்கொரியாவின் பியொங்டேக் ஆலையில் நடந்துவந்த திறன்பேசி உற்பத்தி, கூலி குறைவான வியட்நாமின் ஹைபாங் நகருக்கு மாற்றப்பட்டது. மலிவு விலைக் கருவிகளின் வடிவமைப்பும் உற்பத்தியும் வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. இழப்பு சற்றுக் குறைந்தாலும் நிற்கவில்லை. விற்பனை சுருங்கும்போது செலவைக் குறைத்தால் புதிய கருவிகள் குறையும், அதனால் விற்பனை மேலும் சுருங்கும் என்ற சுழலிலிருந்து பிரிவு மீளவில்லை.

விலகல் முடிவு

2021 சனவரியில் நடந்த சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சியில், சுருட்டி நீட்டக்கூடிய திரை கொண்ட திறன்பேசியின் முன்னோட்டத்தை எல்ஜி காட்டியது. அதே மாதம் 20 அன்று தலைமைச் செயல் அலுவலர் குவோன் போங்-சோக், கைபேசித் தொழில் குறித்து எல்லா வாய்ப்புகளும் ஆராயப்படுவதாகவும், எந்த முடிவு எடுத்தாலும் ஊழியர்களின் வேலை காக்கப்படும் என்றும் பணியாளர்களுக்குத் தெரிவித்தார். இச்செய்தி வெளியான நாளில் எல்ஜியின் பங்கு விலை கணிசமாக உயர்ந்தது. கைபேசிப் பிரிவு இருப்பதைவிட இல்லாமல் போவதே நிறுவனத்துக்கு மதிப்பு என்று முதலீட்டாளர்கள் கருதியதை இது காட்டியது.

வியட்நாமின் வின்குரூப் உள்ளிட்ட நிறுவனங்களுடன் விற்பனைப் பேச்சு நடந்ததாகச் செய்திகள் வந்தன. உடன்பாடு ஏற்படவில்லை. ஏப்ரல் 5 அன்று இயக்குநர் குழு தொழிலை மூட ஒப்புதல் அளித்தது. 2021 சூலை 31 க்குள் பணிகள் நிறைவடையும் என்றும், மின்வாகன உதிரிபாகம், இணைய இணைப்புள்ள கருவிகள், திறன் இல்லம், எந்திரனியல், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றில் கவனம் செலுத்தப்படும் என்றும் நிறுவனம் கூறியது. சுருட்டும் திறன்பேசி விற்பனைக்கு வரவே இல்லை.

விளைவுகள்

பணியாளர்கள்: தென்கொரியாவில் கைபேசிப் பிரிவில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், எல்ஜியின் பிற பிரிவுகளுக்கும் குழும நிறுவனங்களுக்கும் மாற்றப்பட்டனர். பிற நாடுகளில் நிலைமை வேறாக இருந்தது. பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்தில் உள்ள தவுபதே நகர ஆலையில் கைபேசி உற்பத்தி நிறுத்தப்பட்டது, கணினி, காட்சித்திரை உற்பத்தியும் மனாவுஸ் நகருக்கு மாற்றப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் வேலையிழக்கும் நிலை ஏற்பட்டதால் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எல்ஜிக்கு உதிரிபாகம் பொருத்தித் தந்த துணை நிறுவனங்களின் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டனர்.

சந்தை: உலக அளவில் எல்ஜியின் பங்கு சிறிதாக இருந்தாலும், வட அமெரிக்காவில் அது சுமார் 10 விழுக்காட்டுடன் மூன்றாம் இடத்தில் இருந்தது. அங்கே தொலைதொடர்பு நிறுவனங்கள் வழியாக விற்கப்பட்ட மலிவு விலைக் கருவிகளே அதன் பலம். அவ்விடத்தைப் பெருமளவு மோட்டோரோலா நிரப்பியது. தென்கொரியாவில் 2021 ஆகத்து மாதம் முதல் எல்ஜியின் சொந்த விற்பனையகங்களிலேயே ஐபோன்கள் விற்கப்பட்டன.

பயனர்கள்: கருவியை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, 2019 முதல் வெளியான ஜி வரிசை, வி வரிசை, வெல்வெட், விங் ஆகியவற்றில் மூன்று முறை வரை ஆண்ட்ராய்டு மேம்படுத்தல் தரப்படும் என்றும், சில மலிவுக் கருவிகளுக்கு இருமுறை தரப்படும் என்றும் எல்ஜி உறுதியளித்தது.

பிற நிறுவனங்களுடன் ஒப்பீடு

கைபேசித் தொழிலிலிருந்து விலகிய நிறுவனங்கள் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தன.

நோக்கியா தன் கைபேசிப் பிரிவை மைக்ரோசாப்டுக்கு விற்றது. 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இவ்விற்பனை 2014 ஏப்ரலில் முடிந்தது. வரித் தகராறு காரணமாக, தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் 2006 முதல் இயங்கிவந்த ஆலை இவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. அந்த ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். விற்பனையாக முடிந்த விலகலிலும் ஏதோ ஓர் ஊர் அதன் சுமையை ஏற்க நேர்கிறது என்பதற்கு இது சான்று.

பிளாக்பெர்ரி, கருவிகளைத் தானே உருவாக்குவதை நிறுத்துவதாக 2016 செப்டம்பரில் அறிவித்தது. பெயரைப் பிறர் பயன்படுத்த உரிமம் அளித்துவிட்டு, மென்பொருள் நிறுவனமாக மாறியது. எச்டிசி தன் பொறியாளர் குழுவில் ஒரு பகுதியை 110 கோடி டாலருக்குக் கூகுளிடம் ஒப்படைத்து, சிறிய அளவில் தொடர்ந்தது.

நோக்கியாவுக்கும் பிளாக்பெர்ரிக்கும் கைபேசியே முதன்மைத் தொழிலாக இருந்தது. எல்ஜிக்கு அது பல தொழில்களுள் ஒன்று. இழப்பை ஈடுகட்ட வீட்டுப் பொருட்களின் இலாபம் இருந்ததே, முடிவு ஆறு ஆண்டுகள் தள்ளிப்போனதற்கும், முடிவெடுத்த பின் நிறுவனம் ஆட்டம் காணாமல் இருந்ததற்கும் காரணமாக அமைந்தது.

விலகலுக்குப் பின்

எல்ஜி, ஆஸ்திரியாவின் வாகன விளக்கு நிறுவனமான இசட்கேடபிள்யூவை 2018 இலேயே வாங்கியிருந்தது. கனடாவின் மேக்னா நிறுவனத்துடன் இணைந்து மின்வாகன உந்துபொறிக் கூட்டு நிறுவனத்தை 2021 சூலையில், கைபேசிப் பணிகள் முடிவடைந்த அதே மாதத்தில் தொடங்கியது. வாகன உதிரிபாகப் பிரிவும் பல ஆண்டுகள் இழப்பில் இருந்த ஒன்றே. 2022 இல்தான் அது முதன்முறையாக ஆண்டு இலாபம் ஈட்டியது. ஆகவே எல்ஜியின் முடிவு, இழப்புப் பிரிவை விட்டு இலாபப் பிரிவுக்குச் சென்றதல்ல. இழப்பில் இருந்த இரண்டு பிரிவுகளில், வளரும் சந்தையில் இருந்ததை வைத்துக்கொண்டு, முதிர்ந்த சந்தையில் இருந்ததைக் கைவிட்டதே ஆகும்.

கைபேசி உலகிலிருந்து எல்ஜி குழுமம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. எல்ஜி இன்னோடெக் படக்கருவித் தொகுதிகளையும், எல்ஜி டிஸ்பிளே திரைகளையும் ஆப்பிளுக்குத் தொடர்ந்து வழங்குகின்றன. எல்ஜி பெயர் தாங்கிய திறன்பேசிகளுக்கான மென்பொருள் மேம்படுத்தல் சேவை 2025 சூன் 30 உடன் முடிவுக்கு வந்தது.